வாசகர் கேள்வி-பதில்: ஆல்-எஸ்.இ.சி. பட்டியலில் எது சரி?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் (கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்க ஆட்டம்) 2019 பருவத்தின் ஆல்-எஸ்.இ.சி. முதல் அணி என்று இரண்டு பட்டியல்கள் கிடைக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இரண்டுமே சரிதான். பருவத்தில் ஒவ்வோர் ஆட்ட இடத்திலும் சிறந்தவர்களைத் தொகுத்த பெயர்ப் பட்டியல்தான் முதல் அணி. எஸ்.இ.சி. என்பது அமெரிக்கத் தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் லீக். 2019-இல் அதில் 14 அணிகள். அவற்றின் தலைமைப் பயிற்சியாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது ஒரு பட்டியல். செய்தியாளர்களின் வாக்குகளைத் திரட்டி அசோசியேட்டட் பிரஸ் வெளியிடுவது இன்னொன்று. பயிற்சியாளர் தம் சொந்த ஆட்டக்காரருக்கு வாக்களிக்க முடியாது. சம வாக்கு விழுந்தால் இருவர் பெயரையும் போட்டுவிடுவார்கள். 11 இடத்துக்கு 12 பேர் வருவது அதனால்தான்.

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து முன்வரிசை ஆட்டக்காரர்கள் விஷயத்தில் பயிற்சியாளர் பட்டியலுக்கே நான் முதலிடம் தருவேன். பாஸ், ஓட்டம், டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) கணக்கு எதிலும் அவர்கள் பெயர் வராது. எதிரணியின் ஆட்டப் பதிவுகளை வாரம் முழுவதும் போட்டுப் பார்ப்பவருக்குத்தான் அவர்கள் அருமை தெரியும்.

மூன்றாவதாக ஒரு பட்டியல் கண்ணில் பட்டால் தேதியைப் பாருங்கள். ஜூலையில் வருவது பருவத்துக்கு முந்திய கணிப்பு மட்டுமே. 2019 ஜூலையில் செய்தியாளர்கள் முதல் குவாட்டர்பேக்காகப் போட்டது அலபாமாவின் துவா டாகோவைலோவாவை. டிசம்பரில் அந்த இடம் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ.வின் ஜோ பர்ரோவுக்குப் போனது. யார் தேர்ந்தெடுத்தது, எந்த மாதம் என்ற இரண்டையும் பெயரோடு சேர்த்துக் குறித்து வைத்தால் குழப்பம் வராது.

கேள்வி: பர்ரோ எறிந்த டச்டவுன் பாஸ்கள் 48 என்றும் 60 என்றும் போடுகிறார்களே?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: டிசம்பர் 7-இல் எஸ்.இ.சி. இறுதியாட்டம் முடிந்தபோது 13 ஆட்டங்களில் 48 டச்டவுன், 4,715 கெஜம். ஆல்-எஸ்.இ.சி. தேர்வுக்கு எடைபோட்டது இதைத்தான். பிறகு தேசிய அரையிறுதியான பீச் பவுலில் ஓக்லஹோமாவுக்கு எதிராக முதல் பாதியிலேயே 7, தேசிய இறுதியாட்டத்தில் 5. மொத்தம் 60 டச்டவுன், 5,671 கெஜம். அந்த அபாரமான முதல் பாதி ஆல்-எஸ்.இ.சி. கணக்கில் சேரவே இல்லை.

தேசிய இறுதியாட்டம் நடந்தது 2020 ஜனவரி 13 இரவு, நமக்கு 14-ஆம் தேதி செவ்வாய்க் காலை. ஆனாலும் அது 2019 பருவம்தான்; 2020 பட்டியலில் பர்ரோவைத் தேடாதீர்கள்.