தண்ணீருக்கும் எடை உண்டு: கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வாசலுக்கே போய் நாய், பூனைகளைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் வேன்களைப் பற்றியவை. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: வேனில் 400 லிட்டர் தொட்டி வைத்துத் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். பெரிய தொட்டி நல்லதுதானே?

பதில்: 400 லிட்டர் தண்ணீர் 400 கிலோ. இதை எத்தனை முறை எழுதினாலும் தொட்டியின் அளவைப் பார்த்து மயங்குகிறவர்கள் குறைவதில்லை. குளிப்பாட்டக் குளிப்பாட்ட எடை குறைந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். அழுக்குத் தண்ணீர் அடுத்த தொட்டியில் சேர்கிறது. அதைக் கொட்டும்வரை பாரம் வண்டியில்தான் இருக்கிறது. அந்தத் தொட்டியும் நல்ல தண்ணீர்த் தொட்டியைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. வேனுக்கு அனுமதித்த மொத்த எடையிலிருந்து, எல்லா வேலையும் முடிந்த காலி வேனின் எடையைக் கழியுங்கள். மிச்சத்துக்குள் தண்ணீர், நீங்கள், உதவியாளர், சாமான்கள் எல்லாம் அடங்க வேண்டும். எடை மேடைச் சீட்டைக் காட்டாமல் கடைசித் தவணை கேட்டால் கொடுக்காதீர்கள்.

தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பாதி நிரம்பிய தொட்டியில் பிரேக் போட்டதும் தண்ணீர் முன்னால் பாய்ந்து வண்டியைத் தள்ளும். தொட்டி பின் அச்சுக்கு வெகு பின்னால் இருந்தால் முன் சக்கரங்களின் பிடி குறையும். நான் ஒருமுறை அப்படித் தொட்டி பின்னால் இருந்த பழைய பயண வேன் (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வண்டி) ஒன்றை வாங்கினேன். ஸ்டீயரிங் பூப்போலத் திரும்புகிறது என்று நண்பர்களிடம் பெருமையடித்தேன். ஈரச் சாலையில் வளைவு ஒன்றில் வண்டி நேராகவே போனபோதுதான் காரணம் புரிந்தது.

கேள்வி: 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றே நாள் முழுக்க முடி உலர்த்தும் டிரையரை ஓட்டும் என்கிறார்கள். சரியா?

பதில்: பெருக்கிப் பாருங்கள்: 2,400 வாட்-மணி. டிரையர் 2,000 வாட் என்றால் காகிதக் கணக்கிலேயே 72 நிமிடம். இன்வெர்ட்டர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஈய அமில பேட்டரி என்றால் பாதிக்கு மேல் சார்ஜை இறக்கக் கூடாது. அடர்ந்த முடி உள்ள ஒரு நாய் போதும், உங்கள் நாள் முடிந்துவிடும்.

கேள்வி: ஜெனரேட்டரை வேனுக்குள் வைத்து ஜன்னலைத் திறந்துவிட்டால்?

பதில்: கூடாது. ஜெனரேட்டர் புகையில் வரும், ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கேள்வி: உள்சுவருக்குச் சாதாரண பிளைவுட் போதுமா?

பதில்: ஊறி உப்புவதைப் பார்க்க ஆசையிருந்தால் போதும்.

கேள்வி: ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். பதிவு மாற்றம், காப்பீடு எல்லாம் பட்டறைக்காரர் பார்த்துக்கொள்வார் அல்லவா?

பதில்: இதை என்னிடம் கேட்கிறீர்களே, ஒப்பந்தத்திடம் கேளுங்கள். வண்டியை மாற்றியமைத்ததைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்ல வேண்டியது உரிமையாளர். அது நீங்கள்.

கேள்வி: எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, தவணையாகத்தான் கொடுத்தேன். வேலை நடப்பதாக அனுப்பிய படங்கள் வேறொருவர் வேனுடையவை என்று இப்போது தெரிகிறது. வீட்டில் என்னை ஏமாளி என்கிறார்கள்.

பதில்: செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருக்கிறீர்கள். பொய்ப் படம் காட்டியவர் அவர். திட்டு மட்டும் உங்களுக்கா? வீட்டில் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். படங்கள், செய்திகள், பணம் அனுப்பிய சான்றுகள் அனைத்தையும் இன்றே நகலெடுங்கள். கெடு குறித்து எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். அட்டை மூலம் கொடுத்த தவணை இருந்தால், கெடுவுக்குக் காத்திராமல் வங்கியிடம் முறையிடுங்கள். வேன் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால் ஆவணத்தோடு காவல் நிலையம் போங்கள். வண்டியையாவது முதலில் மீட்க வேண்டும்.

கேள்வி: பயன்படுத்திய வேன் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். என்ன எடுத்துப் போகட்டும்?

பதில்: டார்ச் விளக்கும் திருப்புளியும். தரை விரிப்பைத் தூக்கி, வடிகாலைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் திரும்பி வந்துவிடுங்கள். தொட்டியை நிரப்பச் சொல்லி ஓட்டுங்கள். நான் காலித் தொட்டியோடு ஓட்டிப் பார்த்துத்தான் அந்தப் பயண வேனை வாங்கினேன்.