இங்கிலாந்தில் பிள்ளை, வீட்டு வாசலில் கோர்ட் சம்மன்

வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைகளை இங்கிலாந்துக்குப் படிக்கவும் வேலைக்கும் அனுப்பிய சேலம், ஏற்காடு வாசகர்கள் கவுன்சில் டாக்ஸ் பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. கவுன்சில் என்பது அங்குள்ள உள்ளாட்சி மன்றம், வீட்டில் குடியிருப்பவரிடம் அது வாங்கும் வரிதான் கவுன்சில் டாக்ஸ். பதில்கள் இங்கிலாந்து நடைமுறைக்கு மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்தில் வசூல் முறை வேறு. வட அயர்லாந்தில் கவுன்சில் டாக்ஸே கிடையாது, அங்கே ‘ரேட்ஸ்’ என்ற வேறு வரி.

மகன் லெஸ்டரில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வேலைக்குப் போகிறான். கவுன்சில் டாக்ஸ் மே மாதத்திலிருந்து விட்டுப்போச்சாம். இப்போது மாஜிஸ்திரேட் கோர்ட் சம்மன் வந்திருக்கிறது. வருஷத்துப் பணம் மொத்தமும் கேட்கிறார்கள். இது கிரிமினல் கேஸா? விசா போய்விடுமா?
– வாசகர், சூரமங்கலம்

கிரிமினல் கேஸ் இல்லை. இந்தச் சம்மனால் கைது இல்லை, தண்டனை இல்லை. ‘இந்த நபர் இவ்வளவு வரி கட்டக் கடமைப்பட்டவர்’ என்று கோர்ட்டில் ஒரு உத்தரவு வாங்குவதற்காகக் கவுன்சில் எடுக்கும் நடவடிக்கை இது. அந்த உத்தரவுக்கு லயபிலிட்டி ஆர்டர் என்று பெயர். அது குற்றத் தண்டனை ஆகாது, கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஏறாது. ஆனால் பின்னாளில் மகன் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் பண விவகாரத்தில் நடத்தை எப்படி என்றும் பார்ப்பார்கள். அதனால் பாக்கியைத் தீர்த்த ரசீதுகளை அவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஓரிரு தவணை விட்டதற்கு வருஷப் பணம் கேட்பது அநியாயமாகத் தோன்றும். நடப்பது இதுதான். வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பில்லை வழக்கமாக ஏப்ரல் முதல் ஜனவரி வரை 10 தவணையாகப் பிரித்திருப்பார்கள். எழுதிக் கேட்டால் 12 தவணையாக்கித் தருவார்கள். பில் 1,800 பவுண்டு என்று வையுங்கள், தவணை 180. ஏப்ரல் கட்டியாயிற்று, மே விட்டுப்போயிற்று. ரிமைண்டர் வரும், 7 நாளுக்குள் விட்ட தொகையைக் கட்டினால் விஷயம் அங்கேயே முடிந்தது. கட்டாமல் இன்னும் 7 நாள் போனால் தவணை வசதியே ரத்தாகி, மிச்சம் 1,620 பவுண்டும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டிய பாக்கியாகிவிடும். அடுத்தது சம்மன்தான். ரிமைண்டர் வந்து சரிசெய்துகொள்ளும் வாய்ப்பும் ஆண்டுக்கு இரண்டு முறைதான். மூன்றாவது முறை தவறினால் நேரே ஃபைனல் நோட்டீஸ்.

பல பிள்ளைகள் மாட்டுவது பணம் இல்லாமல் அல்ல. நான்கைந்து பேர் தங்கும் வீட்டில் கதவுக்குப் பின்னால் விழும் தபால் குவியலை யாரும் பிரிப்பதில்லை. பேங்க் கணக்கை மாற்றியவுடன் டைரக்ட் டெபிட் நின்றுபோகும், அதையும் கவனிப்பதில்லை.

சம்மன் தாளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கோர்ட் பெயர், வாய்தா தேதி, கணக்கு எண், வரி பாக்கி, அதன் கீழே தனி வரியில் கோர்ட் செலவு, கடைசியில் மொத்தம் என்று இருக்கும். செலவுத் தொகை கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். வாய்தாவுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக சம்மன் கொடுத்திருக்க வேண்டும். அந்த நாட்கள்தான் மகனுக்கு இருக்கும் அவகாசம்.

மொத்தத்தையும் செலவோடு சேர்த்து வாய்தாவுக்கு முன் கட்டிவிட்டால் கேஸ் அதோடு முடியும். வரியை மட்டும் கட்டிச் செலவை விட்டால், அந்தச் செலவுக்காகவே உத்தரவு கேட்கலாம். நீங்கள் பணம் அனுப்புவதாக இருந்தால் மகனுடைய அந்த ஊர்க் கணக்குக்கு அனுப்பி, அவர் கையாலேயே கணக்கு எண் போட்டுக் கட்டுவது நல்லது. கணக்கு எண் இல்லாமல் போய்ச் சேரும் பணம் யார் பெயரிலும் வரவு வைக்கப்படாமல் கிடக்கும். வாய்தாவுக்கு முந்தின நாள் சேலத்தில் பேங்குக்கு ஓடினால் பணம் நேரத்துக்குப் போய்ச் சேராது.

மொத்தமாக முடியாவிட்டால் இன்றைக்கே கவுன்சிலுக்குப் போன் போட்டு, வரவு செலவைச் சொல்லி, மாதா மாதம் எவ்வளவு முடியும் என்று கேட்க வேண்டும். செலவு 100 பவுண்டு என்றால் பாக்கி 1,720. ஆகஸ்ட் முதல் மார்ச் வரை 8 மாதம், மாதம் 215. மார்ச்சுக்குள் தீரும் கணக்கைச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். போனில் பேசியதை அன்றே மெயிலிலும் எழுதிவிட வேண்டும். ஒத்துக்கொண்ட பிறகும் அவர்கள் லயபிலிட்டி ஆர்டர் வாங்கி வைப்பது வழக்கம், பயப்பட வேண்டாம். தவணை தவறாத வரை அதை வைத்து மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க மாட்டார்கள்.

வாய்தாவுக்கு நேரில் போகாததே குற்றமாகிவிடாது. ஆனால் போகாவிட்டால் உத்தரவு தானாகப் பாஸாகும். போய், ‘பணம் இல்லை’ என்று சொல்வதால் பயனில்லை, மாஜிஸ்திரேட் அதைக் காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. கட்டிவிட்டேன், பில்லே முறைப்படி அனுப்பவில்லை, வரி விழுந்து 6 வருஷம் தாண்டிவிட்டது போன்றவைதான் அங்கே எடுபடும்.

ஆர்டர் போட்டுவிட்டால் அமீனா வந்து சாமான்களை ஜப்தி செய்வார்களா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

உடனே இல்லை. முதலில் வேலை, சம்பள விவரம் கேட்டுக் கடிதம் வரும். அதற்கு 14 நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் அபராதம் உண்டு. சம்பளத்தில் பிடித்தம் செய்யும் உத்தரவு போனால், பிடித்தத்துக்கு விதியிலேயே அட்டவணை இருக்கிறது. கைக்கு வரும் மாதச் சம்பளம் 1,800 பவுண்டு என்றால் 17 சதவீதம், அதாவது 306 பவுண்டு. 2,020க்கு மேல் வாங்கினால் அந்த அதிகத் தொகையில் பாதி போய்விடும். ஓவர்டைம் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய அடி. அதனால் முன்கூட்டியே தவணை பேசிக்கொள்வது எப்போதும் மேல்.

நம்மூர் அமீனா மாதிரி அங்கே என்ஃபோர்ஸ்மென்ட் ஏஜென்ட், பேச்சு வழக்கில் பெய்லிஃப். அவரிடம் கேஸ் போனாலே 75 பவுண்டு சேரும். அவர் நேரில் வந்தால் 235 பவுண்டு, அதோடு 1,500க்கு மேற்பட்ட பாக்கியில் 7.5 சதவீதம். 2014 விதிகள் வகுத்த கட்டணம் இது. 1,720 பவுண்டு பாக்கிக்கு 326 பவுண்டு 50 பென்ஸ் கூடுதலாகிறது. வருவதற்கு முன் 7 முழு நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த 7 நாளுக்குள் ஏற்பாடு செய்துகொண்டால் 75 பவுண்டோடு போயிற்று.

காலை 6 முதல் இரவு 9 மணி வரைதான் வரலாம். கவுன்சில் டாக்ஸுக்காக முதல் தடவை வரும்போது கதவை உடைத்து நுழைய அதிகாரம் இல்லை. திறந்த கதவு வழியாக உள்ளே வந்து சாமான் பட்டியல் எடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டாரானால், பேசிய தவணை தவறியபின் மறுபடி வரும்போது நிலைமை மாறிவிடும். எனவே மரியாதையாக ஜன்னல் வழியாகவோ போனிலோ பேசினால் போதும். கூட இருப்பவர்களின் சாமான்களை எடுக்கக் கூடாது. வாசலில் நிற்கும் மகனுடைய காரை எடுக்கலாம்.

கடன் பல பக்கமும் நெருக்கினால் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகியவை இலவசமாக உதவுகின்றன. தகுதியிருந்தால் கடன் ஆலோசகர் மூலம் 60 நாள் ‘பிரீதிங் ஸ்பேஸ்’ வாங்கலாம். அதுவரை வசூல் நடவடிக்கைகள் நிற்கும்.

மகள் முழுநேர மாணவி. மருமகன் டிபெண்டன்ட் விசாவில் போய் வேலை பார்க்கிறார். மாணவர்களுக்கு வரி இல்லை என்றார்கள், ஆனால் மருமகன் பெயரில் பில் வந்து இப்போது சம்மனும் வந்துவிட்டது. அவர் சம்பாதிப்பதால் கட்டத்தான் வேண்டுமா?
– வாசகி, ஏற்காடு

வேண்டியதில்லை. இந்த விதி தெரியாமல் பணம் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. முழுநேர மாணவரின் கணவரோ மனைவியோ பிரிட்டிஷ் குடிமகனாக இல்லாமல், விசா நிபந்தனை அவரை வேலை செய்யவோ அரசு உதவித்தொகை பெறவோ தடுத்தால், அவரும் வரிக் கணக்கில் வர மாட்டார். இரண்டில் ஒன்று போதும். டிபெண்டன்ட் விசாவில் அரசு உதவித்தொகைக்குத் தடை இருப்பதால், வேலை பார்த்தாலும் விலக்கு உண்டு. அந்த வீட்டில் வேறு யாரும் இல்லையென்றால் வரியே பூஜ்யம்.

மகளின் பல்கலைக்கழகம் தரும் கவுன்சில் டாக்ஸ் சான்றிதழ் (படிப்பு தொடங்கும், முடியும் தேதி அதில் இருக்க வேண்டும்), இருவரின் விசா விவரம், ஏற்காட்டிலோ சேலத்திலோ பதிவு செய்த திருமணச் சான்றிதழ் ஆகியவற்றை இன்றைக்கே கவுன்சிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். சம்மனில் உள்ள கணக்கு எண்ணைப் போட்டு, குடிவந்த தேதியிலிருந்தே விலக்கு வேண்டும், சம்மனையும் செலவையும் திரும்பப் பெற வேண்டும் என்று தெளிவாக எழுத வேண்டும். ‘வாபஸ்’ என்று பதில் கைக்கு வராமல் வாய்தாவை விட்டுவிடக் கூடாது.

இதில் ஒரு சிக்கல். விலக்கு உண்டா இல்லையா என்று மாஜிஸ்திரேட் தீர்ப்புச் சொல்ல மாட்டார், அது வேல்யூவேஷன் ட்ரிப்யூனல் என்ற தனித் தீர்ப்பாயத்தின் வேலை. கவுன்சில் மறுத்தால் 2 மாதத்துக்குள் அங்கே அப்பீல் போக வேண்டும். மாஜிஸ்திரேட்டிடம் கேட்க வேண்டியது வாய்தாவைத் தள்ளிவைக்கத்தான்.

மகள் படிப்பு முடிகிற தேதியோடு இந்தச் சலுகையும் முடிந்துவிடும். விசா இன்னும் சில மாதம் இருக்கிறதே என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். படிப்புத் தேதிதான் கணக்கு.

சேலத்தில் மாநகராட்சி சொத்து வரியை வீட்டுக்காரர் கட்டுகிறார். அங்கே வாடகைக்கு இருப்பவன் ஏன் கட்ட வேண்டும்?
– வாசகர், அம்மாபேட்டை

நம்முடையது சொத்தின் மீதான வரி. அவர்களுடையது முதன்மையாகக் குடியிருப்பவர் மீது விழுகிறது. வீட்டுக்காரர் ஒவ்வொரு அறையையும் தனித்தனியாக வாடகைக்கு விட்டிருந்தால் அவரே கட்ட வேண்டும். நாலு பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் முழுத் தொகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. அதில் மூவர் மாணவர்களாக இருந்து, ஒருவருக்கு மட்டும் படிப்பு முடிந்திருந்தால், 25 சதவீதத் தள்ளுபடி போக மிச்சம் 75 சதவீதமும் அந்த ஒருவர் தலையில்தான். கூட இருக்கும் மாணவர்களிடம் பங்கு கேட்கச் சட்டப்படி வழியில்லை. வீடு எடுக்கும்போதே வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

‘உங்கள் பையன் மேல் லண்டன் கோர்ட்டில் டாக்ஸ் கேஸ், இன்றைக்கே பணம் அனுப்பாவிட்டால் அரெஸ்ட்’ என்று வாட்ஸ்ஆப்பில் வீடியோ கால் வந்தது. நிஜமா?
– வாசகி, அஸ்தம்பட்டி

மோசடி. எந்தக் கவுன்சிலும் சேலத்துப் பெற்றோரை அழைத்து வரி கேட்காது. சம்மன் பிள்ளையின் பெயருக்கு, அவருடைய விலாசத்துக்குத்தான் வரும். அழைப்பைத் துண்டித்துவிட்டு மகனிடம் நேரடியாகப் பேசுங்கள். பில்லில் அச்சடித்திருக்கும் எண்ணில் கவுன்சிலைக் கூப்பிட்டு அவரே பாக்கியைச் சரிபார்த்துக்கொள்ளட்டும். பணம் ஏற்கனவே போய்விட்டது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் நம்மூர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.