சிப்பிப்பாறைக் குட்டியின் காதோர அரிப்பு: உணவு ஒவ்வாமையாகத் தோன்றவில்லை

வணக்கம். உங்கள் 8 மாதச் சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்குக் காது விளிம்பிலும் முழங்கையிலும் முடி உதிர்ந்திருப்பதாகவும், இரவெல்லாம் அது சொறிவதாகவும், கூடவே படுக்கும் மகனின் கையிலும் சிவந்த தடிப்புகள் வந்திருப்பதாகவும், உணவு ஒவ்வாமையோ என்று கோழிக்கறியை நிறுத்தியும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உணவு ஒவ்வாமை மனிதருக்குத் தொற்றாது. ஆகவே மகனின் கையைத்தான் முதன்மையான தடயமாகக் கருதுகிறேன். இந்த இடங்களில் இவ்வளவு கடுமையான அரிப்பு இருந்தால், தோலுக்குள் வளை தோண்டும் சார்கோப்டிஸ் என்னும் சொறிப்பூச்சியையே முதலில் ஐயப்பட வேண்டும். படர்தாமரையும் தொற்றக்கூடியது என்பதால் அதையும் சோதித்து விலக்குவது நல்லது.

உசிலம்பட்டியிலோ மதுரையிலோ அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டி, தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கக் கேளுங்கள். இந்தப் பூச்சி பல நேரம் சுரண்டலில் சிக்குவதில்லை; எனவே பூச்சி தென்படாவிட்டாலும் மருத்துவர் அறிகுறிகளை வைத்தே சிகிச்சை தொடங்குவதுண்டு, அதை மறுக்காதீர்கள்.

பக்கத்து வீட்டார் சொன்ன இன்ஜின் ஆயிலைத் தயவுசெய்து தடவ வேண்டாம். நாய் அதை நக்கி விழுங்கிவிடும். ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி மருந்து ஊசியைக் குத்துமதிப்பாகப் போடுவது உயிருக்கே ஆபத்து. விரிப்புகளை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயவையுங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் அதற்கும் சேர்த்தே மருத்துவம் பாருங்கள். மகனைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டி குணமாகும்வரை அவன் தனியே படுக்கட்டும்.