லினக்ஸில் பிராசசர் பூஸ்ட்: அணைப்பதா, விடுவதா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பிராசசர் தன் அடிப்படை வேகத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஏறும் வேகம்தான் பூஸ்ட், இன்டெல் அதை டர்போ என்கிறது. அதை லினக்ஸில் எப்படிக் கட்டுப்படுத்துவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பதில்களுக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழே திரும்பத் திரும்ப இது வரும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பூஸ்டை ஓட்டுவதில்லை. ‘வேண்டுமானால் ஏறிக்கொள்’ என்று அனுமதி மட்டும் கொடுக்கிறது. எவ்வளவு ஏறலாம், எத்தனை நொடி அங்கே நிற்கலாம் என்பதையெல்லாம் சூட்டையும் வாட்டையும் பார்த்து பிராசசரே முடிவு செய்துகொள்கிறது.

கேள்வி: அண்ணா, என் லேப்டாப்பில் இன்டெல் ஐ5-8250யு, உபுண்டு. வீடியோ பார்த்தாலே ஃபேன் கத்துகிறது. டர்போவை அணைக்கச் சொல்கிறார்கள். ‘பூஸ்ட்’ என்ற ஃபைலில் 0 எழுத வேண்டுமாம். அப்படி ஒரு ஃபைலே என்னிடம் இல்லை.

பதில்: உங்களிடம் இருக்காது தம்பி. பிராசசர் வேகத்தைக் கவனிக்கும் கெர்னல் பகுதிக்கு டிரைவர் என்று பெயர். இரண்டு டிரைவர்கள், இரண்டு வேறு ஃபைல்கள். முதலில் எந்த டிரைவர் ஓடுகிறது என்று பாருங்கள். சிஸ், டிவைசஸ், சிஸ்டம், சிபியு என்று ஃபோல்டர்களுக்குள் போனால் சிபியு0 இருக்கும். அதற்குள் சிபியுஃப்ரெக், அதற்குள் ‘ஸ்கேலிங்_டிரைவர்’ என்ற ஃபைல். அதைத் திறந்தால் உங்கள் கணினியில் ‘இன்டெல்_பிஸ்டேட்’ என்று வரும். இந்த டிரைவருக்கு பூஸ்ட் ஃபைல் கிடையாது. அதே சிபியு ஃபோல்டரின் கீழே இன்டெல்_பிஸ்டேட் என்று தனி ஃபோல்டர் இருக்கும், அதில் உள்ள ‘நோ_டர்போ’தான் உங்களுக்கு வேண்டியது. பெயரைக் கவனியுங்கள்: ‘டர்போ வேண்டாம்’. அதனால் 1 எழுதினால் டர்போ அணையும், 0 எழுதினால் எரியும். பூஸ்ட் ஃபைல் இதற்கு நேர் எதிர், அங்கே 0தான் அணைப்பு. இதில் தடுமாறாதவர்கள் குறைவு.

இன்னொரு இடத்திலும் எல்லோரும் இடறுவார்கள். ‘சூடோ எக்கோ 1’ என்று எழுதி அம்புக்குறி போட்டு ஃபைலுக்குத் திருப்பினால் அனுமதி இல்லை என்றுதான் வரும். சூடோ தரும் நிர்வாகி அதிகாரம், எழுத்தை வெளியிடும் எக்கோவுக்கு மட்டும்தான். ஃபைலைத் திறப்பது உங்கள் கட்டளைகளை வாங்கும் ஷெல், அது சாதாரணப் பயனராகவே இருக்கிறது. எக்கோவின் வெளியீட்டை பைப் வழியாக ‘சூடோ டீ’க்கு அனுப்புங்கள், வேலை முடிந்தது.

ஆனால் அணைத்த பிறகு உங்கள் உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து அடிப்படை வேகமான 1.6க்கு இறங்கிவிடும். பாதிக்கும் கீழே. அதற்கு முன்னால், பிரவுசர் வீடியோவை கிராஃபிக்ஸ் சிப்பில் டீகோட் செய்கிறதா என்று பாருங்கள். வீடியோ பார்ப்பதற்கே ஃபேன் கத்துகிறது என்றால், பெரும்பாலும் அந்த வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழுந்திருக்கும். அதைச் சரி செய்தால் டர்போவைத் தொடவே வேண்டியிருக்காது.

கேள்வி: பழைய கணினியில் ஏசிபிஐ-சிபியுஃப்ரெக் டிரைவர். கிடைக்கும் வேகங்களின் பட்டியலில் முதலில் 2401000, அடுத்து 2400000 என்று இருக்கிறது. ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ் வித்தியாசத்துக்கு எதற்கு இரண்டு படி?

பதில்: அந்த 2401000 உண்மையான வேகம் இல்லை, ஓர் அடையாளம். இந்த எண்கள் கிலோஹெர்ட்ஸில் இருப்பவை. 2400000 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ், அதுவே உங்கள் அடிப்படை வேகம். டர்போ எவ்வளவு ஏறும் என்று நிலையான ஓர் எண்ணைச் சொல்ல முடியாது, அது அந்த நேரத்துச் சூட்டையும் எத்தனை கோர்கள் விழித்திருக்கின்றன என்பதையும் பொறுத்தது. அதனால் கணினியோடு வரும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரின் ஏசிபிஐ அட்டவணையில் அடிப்படை வேகத்தோடு 1 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, ‘இந்தப் படிக்கு வந்தால் டர்போவுக்குள் போகலாம்’ என்று குறித்து வைக்கிறார்கள். அந்தப் படியில் நிற்கும்போது கெர்னல் 2401 என்று காட்டினாலும் கோர் உள்ளே 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கலாம்.

இதை நான் விரும்பிச் சொல்வதற்குக் காரணம், நான் மேலே சொன்ன ‘அனுமதி’ என்பதை அந்த ஒற்றை மெகாஹெர்ட்ஸில் கண்ணால் பார்க்கலாம்.

கேள்வி: பூஸ்ட் அனுமதியில்தான் இருக்கிறது. ஆனாலும் கெர்னல் கம்பைல் செய்யும்போது அட்டைப்பெட்டியில் போட்ட வேகம் வருவதே இல்லை. ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்று இல்லை. பெட்டியில் போடும் எண் ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் உழைக்கும்போது எட்டக்கூடிய உச்சம். 2008இல் நெஹலம் வரிசையோடு இன்டெல் டர்போ பூஸ்டைக் கொண்டுவந்தபோதே இப்படித்தான். முதல் ஐ7-920இன் அடிப்படை வேகம் 2.66 கிகாஹெர்ட்ஸ். ஒற்றைக் கோர் ஓடினால் 2.93, நான்கும் ஓடினால் 2.80. இன்றைய சில்லுகளில் அந்த இடைவெளி பல மடங்கு விரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

லேப்டாப்பில் இன்னொரு வேலி உண்டு, மின்சக்தி வரம்பு. இன்டெலில் இதற்கு இரண்டு அளவுகள். பிஎல்2 என்பது கொஞ்ச நேரத்துக்கு இழுத்துக்கொள்ள அனுமதிக்கும் அளவு. பிஎல்1 என்பது நீண்ட ஓட்டத்துக்கானது. எத்தனை நொடி சராசரி பார்த்து பிஎல்1க்கு இறக்குவது என்பதற்கும் ஓர் எண் உண்டு, பல லேப்டாப்களில் அது 28 நொடி. கெர்னலில் இவற்றைப் பார்க்க பவர்கேப் என்ற வகுப்பின் கீழே ‘இன்டெல்-ராபல்’ ஃபோல்டர் இருக்கிறது. எண்கள் மைக்ரோவாட்டில் இருக்கும், 15000000 என்று பார்த்தால் 15 வாட்.

அப்புறம், ஊகிப்பதை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். ‘டர்போஸ்டாட்’ என்ற கருவி கெர்னல் மூலநிரலோடேயே வருகிறது. ஒரு டெர்மினலில் கம்பைலை ஓடவிட்டு, இன்னொன்றில் ரூட்டாக இதை ஓட்டுங்கள். 5 நொடிக்கு ஒரு முறை வரிசையாக எண்கள் வரும். கோர் உழைக்கும் நேரத்து வேகம் ஒரு பத்தி, மொத்தச் சில்லின் வாட் ஒரு பத்தி, வெப்பம் ஒரு பத்தி. என் 15 வாட் லேப்டாப்பில் முதல் ஐந்தாறு வரிகள் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே நிற்கும். பிறகு வாட் பத்தி 15ஐ நோக்கி இறங்கும், கூடவே வேகமும் படிப்படியாகக் குறையும், அப்புறம் கம்பைல் முடியும்வரை அங்கேயே நிற்கும். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் பூஸ்ட் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உங்கள் கணினியில் வாட் 15ஐத் தொடும் முன்பே வேகம் சரிந்து, வெப்பம் 95ஐத் தாண்டினால் காரணம் வேறு. தூசியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும். அதற்குக் கெர்னலில் மருந்து இல்லை, பிரஷ்ஷும் ஸ்க்ரூடிரைவரும்தான்.

கேள்வி: கவர்னரைப் பார்த்தால் ‘பவர்சேவ்’ என்று இருக்கிறது. அப்படியென்றால் பூஸ்டே வராதா? ஆன்டிமேண்ட், ஷெட்யூட்டில் எதுவும் பட்டியலில் இல்லை.

பதில்: வரும், பயப்படாதீர்கள். வேகம் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்ற கொள்கைதான் கவர்னர். இன்டெல்_பிஸ்டேட் ஆக்டிவ் முறையில், அதாவது வேகத் தேர்வைத் தானே கவனிக்கும் முறையில் ஓடும்போது பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் என்று இரண்டே கவர்னர்கள்தான். இந்த பவர்சேவ், பழைய டிரைவர்களின் பவர்சேவ் மாதிரி கடைசிப் படியில் கட்டிப்போடாது. வேலைக்கு ஏற்ப ஏறி இறங்கும். பெயர் ஒன்று, குணம் வேறு. எவ்வளவு ஆவலாக ஏறுவது என்பதை மாற்ற, ஸ்கைலேக் முதலான சில்லுகளில் ‘எனர்ஜி_பெர்ஃபார்மன்ஸ்_பிரிஃபரன்ஸ்’ என்ற ஃபைல் இருக்கிறது. அதில் பேலன்ஸ்_பவர் என்று எழுதினால் டர்போவை அணைக்காமலேயே சூடு கணிசமாகக் குறையும். வேகம் ஏற மின்னழுத்தமும் ஏற வேண்டும், செலவாகும் சக்தியோ வேகத்தோடும் மின்னழுத்தத்தின் இருமடி வீதத்திலும் ஏறுகிறது. உச்சத்தின் கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் பேட்டரியைத் தின்பது. அதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலே போதும். டர்போவை முழுதாக அணைப்பதைவிட நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி: நோ_டர்போவில் 1 எழுதினேன், வேலை செய்தது. மறுநாள் கணினியைப் போட்டால் பழையபடி 0.

பதில்: சிஸ் ஃபோல்டர் வட்டில் இல்லை, கெர்னலின் நினைவகத்துக்கு ஒரு ஜன்னல் அது. அணைத்தால் போய்விடும். இடிசியின் கீழே டெம்ப்ஃபைல்ஸ்.டி என்ற ஃபோல்டரில், பெயர் ‘.கான்ஃப்’ என்று முடிகிற மாதிரி ஒரு ஃபைல் உருவாக்கி ஒரே வரி எழுதுங்கள்: ஆங்கிலத்தின் சிறிய ‘டபிள்யூ’ எழுத்து, நோ_டர்போவின் முழுப் பாதை, இடைவெளி விட்டு நான்கு சிறு கோடுகள், கடைசியில் 1. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும், கணினியின் சேவைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி அதை எழுதிவிடும்.

அதற்குப் பிறகும் மாறினால் வேறு யாரோ உங்கள் பின்னால் வந்து திருத்துகிறார்கள். மின்சேமிப்பைக் கவனிக்கும் நிரல்களான டிஎல்பியும் பவர்-புரொஃபைல்ஸ்-டீமனும் ஒரே கணினியில் ஒன்றாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் ஒரே குமிழைத் திருகுபவை, ஒன்றை மட்டும் வையுங்கள். டிஎல்பியை வைத்துக்கொண்டால் பேட்டரியில் ஓடும்போது மட்டும் பூஸ்ட் வேண்டாம் என்று சொல்லும் வசதி அதிலேயே இருக்கிறது.

கேள்வி: நோ_டர்போவில் 0 எழுதப் பார்த்தால், ரூட்டாக இருந்தும் ‘அனுமதி இல்லை’ என்கிறது.

பதில்: கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸில் டர்போ அணைக்கப்பட்டிருக்கும். கெர்னல் லாக்கைப் பாருங்கள், அங்கேயும் சொல்லியிருக்கும். பயாஸ் மூடிய கதவை டிரைவர் திறக்காது.

கேள்வி: ரைசன் 5 5600எக்ஸ் வைத்திருக்கிறேன். ஏஎம்டி-பிஸ்டேட் வந்த பிறகு பழைய பூஸ்ட் ஃபைல் காணாமல் போனது. அணைக்க வேறு வழி?

பதில்: உங்கள் கெர்னல் பதிப்பைப் பொறுத்தது. ஏஎம்டி-பிஸ்டேட் 2022இல் 5.17 பதிப்பில் வந்தது. 6.3இல் ஆக்டிவ் முறை சேர்ந்தது, 6.5 முதல் பல சில்லுகளுக்கு அதுவே இயல்பானது. அந்த இடைக்காலத்தில் ஆக்டிவ் முறைக்குப் பூஸ்ட் சுவிட்ச் இல்லாமல் பலர் தவித்தார்கள். 2024 செப்டம்பரில் வந்த 6.11இல் அந்தச் சுவிட்ச் திரும்பக் கிடைத்தது, பாலிசி (ஒன்றாக வேகம் மாறும் கோர்களின் குழு) ஒவ்வொன்றுக்கும் தனியாகவும். முடிந்தால் புதிய கெர்னலுக்குப் போங்கள்.

முடியாவிட்டால் ஒவ்வொரு கோரின் ‘ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரெக்’ ஃபைலிலும் 3700000 எழுதுங்கள். உங்கள் சில்லின் அடிப்படை வேகம் 3.7, பூஸ்ட் 4.6. மேல்வரம்பை 3.7இல் வைத்தால் பலன் ஏறக்குறைய அதேதான். நடுவில் 4.2 என்றும் வைக்கலாம், அது வெறும் சுவிட்ச்சில் கிடைக்காத வசதி.

கேள்வி: சார், ஆய்வுக்காக இரண்டு அல்காரிதங்களின் ஓட்ட நேரத்தை ஒப்பிடுகிறேன். ஒரே நிரல் ஒவ்வொரு தடவையும் ஒரு நேரம் காட்டுகிறது.

பதில்: இங்கே தயங்காமல் பூஸ்டை அணையுங்கள். முதல் சோதனை குளிர்ந்த சில்லில் உச்ச வேகத்தில் ஓடும், பத்தாவது சோதனை சூடேறிய சில்லில் ஓடும். இரண்டாவதாக ஓட்டிய அல்காரிதம் பாவம், எந்தத் தப்பும் செய்யாமல் தோற்றுப்போகும். பூஸ்டை அணைத்து, கவர்னரை பெர்ஃபார்மன்ஸில் வைத்து, சோதனைகளை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். கட்டுரையில் பூஸ்ட் அணைத்ததைக் கட்டாயம் எழுதுங்கள், கெர்னல் பதிப்பையும் சேர்த்து. படிப்பவர் அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டுமே.

கேள்வி: வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரில் சிபியுஃப்ரெக் ஃபோல்டரே காலியாக இருக்கிறது.

பதில்: அது மெய்நிகர் கணினி. வேகத்தை நிர்வகிப்பது அடியில் இருக்கும் ஹோஸ்ட், உங்களுக்குப் பெரும்பாலும் அந்தக் குமிழைத் தரமாட்டார்கள்.

கேள்வி: பூஸ்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது, லேப்டாப் திடீரென்று 800 மெகாஹெர்ட்ஸைத் தாண்ட மறுக்கிறது. விண்டோஸிலும் அப்படியே.

பதில்: இரண்டு இயங்குதளத்திலும் ஒரே மாதிரி என்றால் கெர்னலைத் தோண்டாதீர்கள். சார்ஜரை மாற்றிப் பாருங்கள். பல லேப்டாப்கள் சார்ஜரின் வாட்டை அடையாளம் காண முடியாவிட்டால் பிராசசருக்கு அவசரத் தடை அனுப்பிவிடும், ‘சூடாகிவிட்டது, இறங்கு’ என்று சொல்லும் அதே கம்பி வழியாக. சில்லு உண்மையில் 45 டிகிரியில் சும்மா இருக்கும், ஆனாலும் வேகம் ஏறாது. எனக்கே ஒருமுறை இரண்டு நாள் இதில் போனது. கெர்னலை மாற்றி, டிரைவரை மாற்றி எதுவும் நகரவில்லை. கடைசியில் பார்த்தால் சார்ஜர் முனையின் நடு ஊசி லேசாக வளைந்திருந்தது. சார்ஜரைக் கழற்றிவிட்டு வெறும் பேட்டரியில் வேகம் திரும்புகிறதா என்று பாருங்கள், ஒரு நிமிட வேலை.

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4இல் 1.8 கிகாஹெர்ட்ஸ் வரும் என்கிறார்கள், எனக்கு 1.5தான். பூஸ்ட் ஃபைல் எங்கே?

பதில்: பையில் அது ஃபர்ம்வேரின் வேலை. பூட் பகுதியில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் ‘ஆர்ம்_பூஸ்ட்=1’ என்று ஒரு வரி சேர்த்து ரீபூட் செய்யுங்கள். பை 4இன் பிந்தைய போர்டுகளில்தான் இது பலன் தரும், முதலில் வந்தவற்றில் அந்த வரி இருந்தாலும் 1.5தான். 80 டிகிரியை நெருங்கினால் அதுவே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும், அதனால் சித்திரை மாதத்தில் மூடிய பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு சின்ன ஹீட்சிங்க்காவது ஒட்டுங்கள்.

கேள்வி: பூஸ்டை எப்போதும் விட்டுவைத்தால் பிராசசரின் ஆயுள் குறையுமா? வீட்டில் ஒரே கணினி, பிள்ளைகள் படிப்பதும் அதில்தான்.

பதில்: விட்டுவையுங்கள் அம்மா. பூஸ்ட் என்பது தயாரிப்பாளர் தன் எல்லைக்குள்ளேயே அனுமதித்த வேகம், ஓவர்கிளாக்கிங் இல்லை. எல்லை தாண்டினால் சில்லு தானே இறங்கிக்கொள்ளும். பக்கத்தைத் திறக்கும் அரை நொடியில் ஏறி வேலையை முடித்துவிட்டு இறங்குவது, மெதுவாக நெடுநேரம் உழைப்பதைவிடப் பல சமயம் நல்லதும்கூட. உங்கள் வீட்டுக் கணினிக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மெத்தைமேல் வைத்து ஓட்டவிடாதீர்கள், அடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபட்டுவிடும்.