பரணில் கிடைத்த வாளுக்கு உப்புத்தாள் வேண்டாம்

சங்கரன்கோவில் பக்கம் தாத்தா வீட்டுப் பரணில் வாள் கிடைத்தது, உப்புத்தாள் போடலாமா, பாளையக்காரர் வாளா என்று கேட்டிருந்தீர்கள். அண்ணாச்சி, உப்புத்தாளும் வேண்டாம், புளியும் வேண்டாம். பழைய உருக்கு என்றால் அலகில் நீரோட்டம் மாதிரி வரி இருக்கலாம், தேய்த்தால் போச்சு. தையல் மிஷின் எண்ணெயைப் பருத்தித் துணியில் தொட்டு மெல்லத் துடையுங்கள்.

அலகில் ஐரோப்பிய முத்திரை தெரிகிறதா? அதற்காகப் போலி என்று ஒதுக்காதீர்கள். வெளிநாட்டு அலகை வாங்கி உள்ளூர்ப் பிடி பொருத்துவது அன்றைய அரசவைகளில் கௌரவம். 'ஃபிரங்கி' வாள் அப்படி வந்ததுதான். பிடியில் பொன் வேலைப்பாடு இருந்தால் சபைக்கோ பரிசுக்கோ செய்ததாக இருக்கலாம்.

1801 பாளையக்காரர் போருக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்துவிட்டது. அதனால் பாளையக்காரர் வாள் என்று அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன். முதலில் படங்களோடு பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் கேளுங்கள். நூறு வருஷம் தாண்டியதென்றால் தொல்பொருள் சட்டமும் வரும். விற்கிற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.