பதினான்கு ஜெயித்த பிறகு எதற்கு ஓய்வு?

கேள்வி: அமெரிக்க ஃபுட்பாலில், அதாவது என்.எஃப்.எல். லீக்கில், ஓர் அணி தோற்காமலே போய்க்கொண்டிருக்கிறது. பிளேஆஃபுக்கு, அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய கோப்பைச் சுற்றுக்கு, முதலிடமும் உறுதியாகிவிட்டது. அப்புறமும் முக்கிய வீரர்களைக் களத்தில் இறக்கி ‘தோல்வியே இல்லாத சீசன்’ என்ற பெருமையைத் துரத்துவது வெறும் வீம்புதானே? காயம் பட்டால் என்ன ஆவது? கோப்பைதானே முக்கியம்?

பதில்: வீம்பு இல்லை. துரத்தத்தான் வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

நீங்கள் சொல்லும் கணக்கை அப்படியே போட்டுப் பார்த்த அணி ஒன்று உண்டு. 2009-இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ். 14 ஆட்டம், 14 வெற்றி. டிசம்பர் 27 அன்று சொந்த மைதானத்தில் நியூயார்க் ஜெட்ஸுடன் மோதினார்கள். மூன்றாவது குவார்ட்டரில் 15-10 என்று கோல்ட்ஸ் முன்னிலையில் இருக்கும்போது, பயிற்சியாளர் ஜிம் கால்ட்வெல் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் தன் குவார்ட்டர்பேக் பேட்டன் மானிங்கை வெளியே எடுத்துவிட்டார். பதிலுக்கு வந்தவர் கர்ட்டிஸ் பெய்ன்டர், அந்த வருடம்தான் அணிக்கு வந்த பையன். கொஞ்ச நேரத்தில் ஜெட்ஸின் கால்வின் பேஸ் வந்து மோதியதில் பந்து பெய்ன்டரின் கையை விட்டுப் போனது. அவருடைய சக வீரர் மார்க்விஸ் டக்ளஸ் அதைக் கைப்பற்றி டச்டவுன், அதாவது ஆறு புள்ளி, ஆக்கினார். ஆட்டம் 29-15 என்று ஜெட்ஸ் பக்கம் முடிந்தது. மானிங் களத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பணம் கொடுத்து உள்ளே வந்திருந்த கோல்ட்ஸ் ரசிகர்களே தங்கள் அணியைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். அந்தக் கூச்சல் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் நடந்ததைக் கேளுங்கள். பஃபலோவில் கொட்டும் பனியில் கடைசி ஆட்டம். அங்கே மானிங்கைக் கொஞ்ச நேரம் ஆட விட்டார்கள். அவர் வீசும் பந்தைப் பிடிக்கும் ரெஜி வெய்ன், டல்லஸ் கிளார்க் இருவரும் அந்த சீசனில் ஆளுக்கு 100 கேட்ச் என்ற எண்ணைத் தொட்டார்கள். அப்புறம் முக்கியமானவர்களை வெளியே எடுத்தார்கள். 30-7 என்று தோற்றார்கள். தனி ஆளின் எண்ணுக்காகப் பனியில் இறங்கலாம், 53 பேர் சேர்ந்து கட்டிய எண்ணுக்காக இறங்கக் கூடாது என்றால் அது என்ன நியாயம்?

இதில் மூன்றாம் ஆட்களுக்கும் பங்கு உண்டு. ‘எங்களுக்கு இந்த ஆட்டத்தில் ஒன்றும் இல்லை’ என்று ஓர் அணி சொல்லும்போது, அந்த முடிவை நம்பி வேறு யாரோ காத்திருப்பார்கள். கோல்ட்ஸ் மீதான அந்த வெற்றி கைகொடுத்ததால் ஜெட்ஸ் 9-7 என்று, அதாவது 9 வெற்றி, 7 தோல்வியோடு, பிளேஆஃபுக்குள் நுழைந்தது. அதே 9-7 எடுத்த பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் ஹூஸ்டன் டெக்ஸன்ஸும் வீட்டுக்குப் போனார்கள். லீக் நிர்வாகத்துக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். 2010 முதல் கடைசி வார ஆட்டங்களை ஒரே டிவிஷனுக்குள், அதாவது லீக்கின் ஒரே பிரிவுக்குள், இருக்கும் அணிகளுக்கு இடையிலேயே வைத்தார்கள், யாரும் சுலபமாக ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காக.

சரி, காயம். இங்கே உங்கள் பயத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். அதே 2009 சீசனின் கடைசி ஆட்டத்தில், டிவிஷன் பட்டத்தை ஏற்கெனவே வென்றுவிட்ட நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் தன் வீரர் வெஸ் வெல்கரை இறக்கியது. ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில், பந்தைப் பிடித்துக்கொண்டு திரும்பியவரின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த வாரமே பேட்ரியட்ஸ் 33-14 என்று பால்டிமோர் ரேவன்ஸிடம் தோற்று வெளியேறியது. ஒரு மனிதனின் முழங்கால் அது. சின்ன விஷயம் இல்லை.

ஆனால் காயம் காலண்டர் பார்த்து வருவதில்லை. இந்த லீக்கில் கோப்பை வரைக்கும் ஒரு தோல்விகூட இல்லாமல், டிராவும் இல்லாமல் போன அணி ஒன்றே ஒன்றுதான்: 1972-இன் மயாமி டால்ஃபின்ஸ், 17-0. அவர்களுடைய குவார்ட்டர்பேக் பாப் கிரீஸி ஐந்தாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்து விழுந்தார். அவருக்குப் பதிலாக வந்த எர்ல் மொராலுக்கு வயது 38. நான்கு வருடம் முன்பு, பால்டிமோர் கோல்ட்ஸுக்காக இதே பயிற்சியாளர் டான் ஷூலாவின் கீழ் ஆடி, எல்லோரும் ஜெயிப்பார்கள் என்று நம்பிய சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் தோற்றவர் அவர். அந்த மொரால்தான் வாரக்கணக்கில் அணியைத் தோற்க விடாமல் இழுத்துக்கொண்டு போனார். பிட்ஸ்பர்க்கில் நடந்த அரையிறுதியில் இடைவேளையின்போது 7-7. இரண்டாம் பாதியில் கிரீஸி திரும்பி வந்தார். 21-17 என்று வென்றார்கள். இறுதியில் வாஷிங்டனை 14-7 என்று வீழ்த்தினார்கள். அந்த அணியைக் காப்பாற்றியது ஓய்வு இல்லை, வெளியே உட்கார்ந்திருந்தவரும் தயாராக இருந்ததுதான்.

கோப்பைதானே முக்கியம் என்கிறீர்கள். கோப்பை ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கைக்குப் போகத்தான் போகிறது. லீக் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தோல்வியும் டிராவும் இல்லாமல் முடித்தவர்கள் 1920-இல் லீக் தொடங்கியது முதல் நான்கே பேர்: 1934, 1942-இல் சிகாகோ பேர்ஸ், 1972-இல் மயாமி, 2007-இல் பேட்ரியட்ஸ். 2021 முதல் லீக் ஆட்டங்கள் 17 ஆகிவிட்டன; இனி ஓர் அணி முழுமையாக முடிக்க வேண்டுமென்றால் பிளேஆஃபையும் சேர்த்துக் குறைந்தது 20 வெற்றி வேண்டும். 14-0 என்று நிற்கும் வீரரில் பலருக்கு வாழ்நாளில் மறுபடி அந்த இடம் வாய்க்காது. கோல்ட்ஸ் அந்த வருடம் சூப்பர் பௌலில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிடம் 31-17 என்று தோற்றார்கள். ஓய்வெடுத்ததால் தோற்றார்கள் என்று சொல்லமாட்டேன். நடுவில் இரண்டு பிளேஆஃப் ஆட்டங்களை நன்றாகவே ஜெயித்தார்கள். ஓய்வு எதையும் வாங்கிக் கொடுக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

2007 டிசம்பர் 29-ஐ நினைத்துப் பாருங்கள். 15-0 என்று வந்த பேட்ரியட்ஸுக்கு எதிரே நியூயார்க் ஜயன்ட்ஸ். ஜயன்ட்ஸின் பிளேஆஃப் இடம் ஏற்கெனவே உறுதி. ஜெயித்தாலும் தோற்றாலும் அது மாறாது. பயிற்சியாளர் டாம் காஃப்லின் இருந்தும் முழு பலத்தோடு ஆடினார். ஒரு கட்டத்தில் ஜயன்ட்ஸ் 28-16 என்று முன்னால். நான்காவது குவார்ட்டரில் டாம் பிரேடி தூரமாக வீசிய பந்தை ராண்டி மாஸ் நழுவவிட்டார். அடுத்த பந்தையும் பிரேடி அவருக்கே வீசினார்: 65 யார்டு, டச்டவுன். 38-35 என்று பேட்ரியட்ஸ் தப்பித்தது. ஐந்து வாரம் கழித்து சூப்பர் பௌலில் அதே இரு அணிகள். 35 விநாடி மிச்சம் இருக்கும்போது பிளாக்ஸிகோ பரஸ் பந்தைப் பிடித்தார், ஜயன்ட்ஸ் 17-14.

அன்று பேட்ரியட்ஸ் 18 வென்று 19-ஆவதில் தோற்றது. எதிரணி ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காமல் ஆடி அவர்களைத் தோற்கடித்தது. மானிங்குக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அவர் வெளியே வரும்போது ஸ்கோர் 15-10, முன்னால் இருந்தது அவருடைய அணி.