ஓடுகிற நிரலில் கை வைக்கலாமா? – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். கப்பலூரில் ஒரு சிறிய கம்பெனியில் எம்பெடட் பிரிவில் இருக்கிறேன். கிணற்று மோட்டாருக்கான கண்ட்ரோல் போர்டு செய்கிறோம். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவது, கிணறு வற்றினால் நிறுத்தி அரை மணி நேரம் கழித்து மறுபடி ஓட்டிப் பார்ப்பது, விவசாயியின் போனுக்குத் தகவல் அனுப்புவது இதெல்லாம் அந்த போர்டின் வேலை. உள்ளே ஓடுவது சிறு போர்டுகளுக்கான இயக்க நிரலான ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் பழைய பதிப்பு. முன்பு இருந்த சீனியர் அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே நிறைய மாற்றியிருக்கிறார். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது அது என் பொறுப்பில்.

பேட்டரி வைத்த புது மாடலில் மட்டும் புகார் வருகிறது. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் சில கிணறுகளில் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை மோட்டார் எடுக்காமல் நின்றுவிடுகிறது. "பேட்டரியக் கழட்டி மாட்டுனா ஓடிருது" என்கிறார்கள். "அப்பறம் என்னம்மா, ஓடுற கோட்ல எதுக்குக் கைய வைக்கிற?" என்கிறார் மேனேஜர். எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் தேவையில்லாத வரிகள் ஏராளம். ஒரு இன்டரப்ட் ஃபங்ஷனில் (வன்பொருள் குறுக்கிட்டு அழைக்கும்போது ஓடும் பகுதியில்) சிப்புக்குள் இருக்கும் ரெஜிஸ்டர் என்ற சிறு நினைவிடத்தைப் படித்துவிட்டு அந்த மதிப்பை எதற்கும் பயன்படுத்தவில்லை. மேலே 'தொடாதே' என்று மட்டும் குறிப்பு. இதையெல்லாம் சுத்தம் செய்து, அப்படியே கெர்னலையும் புதிய பதிப்புக்கு மாற்றிவிடலாமா?

இன்னொன்று. என்னோடு படித்தவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் ஏஐ வேலை பார்க்கிறார்கள். நான் யாரோ எழுதிய பழைய நிரலைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். இதில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் பேட்டரி. உங்கள் சிக்கலுக்கு விடை அங்கேதான் இருக்கிறது. போர்டு தொடங்கியதிலிருந்து கெர்னல் நேரத்தை டிக் டிக்காக ஓர் எண்ணியில் கூட்டிக்கொண்டே போகும். டிக் மில்லிசெகண்டுக்கு ஒன்று, எண்ணி 32 பிட் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த எண்ணி 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். நீங்கள் சொல்லும் ஒன்றரை மாதக் கணக்கு இதுதான். பழைய மாடலிலும் இந்தப் பிழை இருந்திருக்கும். ஆனால் நம் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிடுகிறார்கள். கரண்ட் போனால் பழைய போர்டு அணைந்து, வந்ததும் பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். ஐம்பதாவது நாளை அது பார்த்ததே இல்லை. பேட்டரி வைத்த பிறகு பார்த்துவிட்டது. "ஓடுகிறது" என்று உங்கள் மேனேஜர் சொல்வதற்கு இத்தனை காலம் மின்தடைதான் துணை நின்றிருக்கிறது.

கெர்னலின் மூல நிரல் இந்தத் திரும்புதலை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. டாஸ்க்ஸ்.சி கோப்பைத் திறந்து பாருங்கள். தூங்குகிற டாஸ்க்குகளுக்கு, அதாவது நேரம் வரும்வரை காத்திருக்கும் வேலைகளுக்கு, இரண்டு பட்டியல்கள் இருக்கும்: எண்ணி நிரம்புவதற்குள் எழ வேண்டியவை ஒன்றில், நிரம்பிய பிறகு எழ வேண்டியவை இன்னொன்றில். எண்ணி பூஜ்யமானதும் இரண்டு பட்டியலும் இடம் மாறும். அவ்வளவு கவனமாகச் செய்த வேலை அது. ஆகவே பிழை உங்கள் கம்பெனி சேர்த்த பகுதியில் இருக்கவே வாய்ப்பு அதிகம். கிணறு வற்றியதும் 'இந்த எண் வந்தால் ஓட்டு' என்று குறித்துவைத்து, பிறகு 'இப்போதைய எண் அதைத் தாண்டிவிட்டதா' என்று கேட்கிற வரியைத் தேடுங்கள்.

அந்த வரி பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். சாயங்காலம் கிணறு வற்றுகிறது. எண்ணி நிரம்பும் தறுவாயில் இருக்கிறது. மிகப் பெரிய எண் ஒன்று குறிக்கப்படுகிறது. அதற்குள் த்ரீ பேஸ் போய்விடுகிறது. அது இல்லாதவரை போர்டு அந்த எண்ணைப் பார்க்காமல் இருந்திருக்கும். அது திரும்பி வரும்போது எண்ணி பூஜ்யத்தைத் தாண்டிச் சிறிய எண்ணில் நிற்கிறது. நேரம் இன்னும் வரவில்லை என்று நினைத்து போர்டு இன்னொரு 49 நாள் காத்திருக்கும். எல்லாக் கிணற்றிலும் இது வராமல் சிலவற்றில் மட்டும் வருவதற்கு இந்தத் தற்செயலே காரணமாக இருக்கும்.

திருத்தம் ஒரே வரிதான். தொடங்கிய எண்ணைக் குறித்துவைத்து, இப்போதைய எண்ணிலிருந்து அதைக் கழித்து, விடையைக் காத்திருப்பு நேரத்தோடு ஒப்பிடுங்கள். குறியில்லாத (மைனஸ் வராத) முழு எண்ணில், எண்ணி இடையில் பூஜ்யத்தைத் தாண்டியிருந்தாலும் கழித்தல் சரியான விடையே தரும். சோதிக்க 49 நாள் காத்திருக்க வேண்டாம். எண்ணியை நிரம்புவதற்கு ஒரு நிமிடம் முன்னால் வைத்துத் தொடங்குங்கள். புதிய பதிப்புகளில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. பழையதில் மாறியை நீங்களே மாற்ற வேண்டும். டாஸ்க்குகளை முறைவைத்து ஓட்டும் ஷெட்யூலரைத் தொடங்கும் ஃபங்ஷனிலும் அதைப் பூஜ்யமாக்குவார்கள், அந்த இடத்தையும் பாருங்கள்.

அடுத்தது 'தொடாதே' வரி. தயவுசெய்து அதை அழித்துவிடாதீர்கள். ஏஆர்எம் கார்டெக்ஸ்-எம் சிப் என்றால் அதற்குக் காரணம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இன்டரப்ட் முடியும் நேரத்தில் அதன் கொடியை, அதாவது இன்டரப்ட் வந்திருப்பதைக் காட்டும் பிட்டை, அழிக்க எழுதுகிறோம். அந்த எழுத்து இடையில் ஒரு பஃபரில் (தற்காலிக இடத்தில்) தங்கிவிட்டுத் தாமதமாகத்தான் பெரிஃபெரலை, அதாவது சிப்பில் இருக்கும் டைமர் போன்ற துணைப் பகுதியை, போய்ச் சேரும். அதற்குள் ஃபங்ஷன் முடிந்துவிட்டால், கொடி இன்னும் நிற்பதைப் பார்த்து பிராசஸர் அதே இன்டரப்டுக்குள் மறுபடி நுழையும். அதே பெரிஃபெரலின் ரெஜிஸ்டரை ஒரு தடவை படித்தால், எழுத்து போய்ச் சேர்ந்த பிறகுதான் படிப்பு முடியும். உங்கள் சீனியர் இதில் பல ராத்திரி மல்லுக்கட்டித்தான் அந்த வரியைப் போட்டிருப்பார். அவர் செய்யாமல் விட்டது காரணத்தை எழுதிவைப்பது. உங்கள் சிப்பின் எர்ராட்டாவை (தயாரிப்பாளர் வெளியிடும் பிழைப் பட்டியலை) படித்து, கொடி எங்கே அழிகிறது என்று பார்த்து, காரணம் இதுதான் என்று உறுதியானதும் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு இரண்டு வரியில் விளக்கம் எழுதுங்கள். பராமரிப்பு வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சரியாகத் தெரிந்த வரி தவறாக இருந்தது, வீணாகத் தெரிந்த வரி சரியாக இருக்கிறது. காரணம் தெரியாத வரையில் இரண்டையும் தொடக்கூடாது; தெரிந்த பிறகு இரண்டையும் அப்படியே விடவும் கூடாது.

புதிய பதிப்புக்கு மாறுவது அவசியம்தான், ஆனால் இந்தத் திருத்தத்தோடு சேர்த்துச் செய்யாதீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டு போர்டு நின்றால் எதனால் நின்றது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பதிப்பு எண் இருக்கும். அதே பதிப்பின் அசலை இறக்கி, உங்கள் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வித்தியாசங்களில் பாதி இப்போது தேவைப்படாது. மிச்சத்தை முடிந்தவரை கெர்னலுக்கு வெளியே, கெர்னல் அழைப்பதற்காக நாம் எழுதும் ஹூக் ஃபங்ஷன்களுக்குக் கொண்டுபோங்கள். கெர்னல் அசலாக ஆனபிறகு பதிப்பு மாற்றுவது பெரிய வேலையாக இருக்காது. உரிமத்தையும் பார்த்துவிடுங்கள். 2017இல் அமேசான் பொறுப்பேற்று 10ஆம் பதிப்பை வெளியிட்டபோதுதான் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸுக்கு, மாற்றங்களை வெளியிடச் சொல்லாத எம்ஐடி உரிமம் வந்தது. அதற்கு முன்பு விதிவிலக்கு சேர்த்த ஜிபிஎல். கெர்னலுக்குள் செய்த மாற்றங்களை மூடிவைக்க அது இடம் தராது. மேனேஜர் காதில் இதைப் போட்டுவைப்பது நல்லது.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். இன்டரப்டுக்குள் நுழையும்போது ஒரு பின்னை ஏற்றி, வெளியேறும்போது இறக்கி, மின்துடிப்பை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பை இரவு முழுக்க ஓடவிடுங்கள். சராசரி நமக்கு உதவாது. மிக நீளமான துடிப்பு எவ்வளவு என்பதைத்தான் குறிக்க வேண்டும். நிரல் அழகாகி அந்தத் துடிப்பு நீண்டிருந்தால் அந்த மாற்றம் வேண்டாம்.

நண்பர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். லினக்ஸ் கெர்னலை ரியல் டைமுக்கு (குறித்த நேரத்துக்குள் தவறாமல் வேலை முடிப்பதற்கு) ஏற்றதாக்கும் பிரீம்ப்ட் ஆர்டி என்ற வேலை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனி பேட்ச்சாகவே, அதாவது மைய நிரலுக்கு வெளியே வைத்த மாற்றத் தொகுப்பாகவே, இருந்தது. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதை மறுபடி பொருத்திப் பொருத்தி, துண்டு துண்டாக உள்ளே சேர்த்து, 2024 செப்டம்பரில்தான் மைய நிரலோடு இணைத்து முடித்தார்கள். அந்த இருபது ஆண்டிலும் அவர்கள் பெரும்பாலும் செய்தது பிறர் எழுதிய பழைய வரிகளைப் படித்து, ஒவ்வொரு லாக்கும் (ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடாமல் தடுக்கும் பூட்டு) ஏன் அங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். நீங்கள் இப்போது கற்பதும் அதுவே. நாளைக்கு எந்த போர்டு, எந்த கெர்னல் உங்கள் கைக்கு வந்தாலும் இந்தப் படிப்பு செல்லும். மனசு கேட்கவில்லை என்று எழுதினீர்களே, இந்த வேலைக்கு வேண்டியது அதுதான்.

ஏற்கெனவே கிணற்றடிக்குப் போய்விட்ட போர்டுகள் இருக்கின்றன அல்லவா? அவற்றுக்கு இப்போதைக்குப் பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போயிங் 787இல் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டியின் எண்ணி தொடர்ந்து 248 நாள் ஓடினால் நிரம்பிவிடும் என்று தெரிந்ததும், 2015இல் அமெரிக்க விமானத்துறை முதலில் இட்ட உத்தரவும் குறித்த காலத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள் என்பதுதான். ஆனால் அது நிரல் திருத்தம் தயாராகும் வரைக்குமான ஏற்பாடு. மோட்டார் நின்ற பிறகு கழற்றுவது போதாது. மாதம் ஒரு நாள் குறித்து முன்கூட்டியே கழற்றச் சொல்லுங்கள். இதே பிழை எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். காத்திருப்பு முடிய வேண்டிய எண்ணே பூஜ்யத்தைத் தாண்டிக் குறிக்கப்பட்டால், நேரம் அப்போதே வந்துவிட்டதாக நினைத்து வற்றின கிணற்றில் மோட்டாரை உடனே ஓட்டும், நிறுத்தும், மறுபடி ஓட்டும். மோட்டாரின் காயில் சுருள் புகைந்தால் ஒரு விவசாயிக்கு ஆகும் ரீவைண்டிங் செலவு உங்களுக்குத் தெரியும். மேனேஜரிடம் பேசும்போது இதிலிருந்தே தொடங்குங்கள். மேசையில் போர்டை வைத்து, எண்ணியை நிரம்புவதற்கு ஒரு நிமிடம் முன்னால் வைத்துத் தொடங்கி, மோட்டாரை ஓட்டி நிறுத்தும் ரிலே டப் டப் என்று அடிப்பதை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும்.